தீயணைப்போரும் முதலுதவியும்

பெங்களூரிலிருந்து ஓசூரை நோக்கி வரும் நெடுஞ்சாலையில், கருநாடக மாநில எல்லை முடியும் இடத்தில், அத்திப்பள்ளி என்னும் ஊர் இருக்கிறது. அது ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. ஆனேக்கல் என்ற சொல்லுக்குக் கன்னடத்தில் ஆலங்கட்டி என்பது பொருள். குளிர்ந்த பொருளைக் குறிக்கும் இப்பெயருடைய வட்டத்திலேதான், 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7-ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகலில், நம் நெஞ்சைச் சுட்ட ஒரு பெருந்தீ மூண்டது.

தீபாவளிக்கு ஒரு மாத காலமே இருந்தது. எல்லையோரத்துப் பட்டாசுக் கடையொன்றில் சரக்கு வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. கண்மூடித் திறப்பதற்குள் கடையும் கிடங்கும் வெடித்து எரிந்தன. அன்று மட்டும் பதினான்கு பேர் மாண்டனர். காயமுற்று மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டவர்களிற் சிலரும் அடுத்த நாட்களில் இறந்தனர். மாண்டவர்களிற் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலிருந்து பண்டிகைக் காலத்தில் நாலு காசு ஈட்டலாம் என்று வந்தவர்கள். அவர்களுள் படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் உண்டு. தருமபுரி மாவட்டத்து அம்மாபேட்டை என்னும் ஒரே கிராமம் தன் பிள்ளைகள் பலரை ஒரே நாளில் இழந்தது.

பட்டாசுக் கடைகளுக்கு உரிமம் வழங்குவது பற்றியும், சரக்கைச் சேமித்து வைக்கும் முறை பற்றியும் அப்போது நிறையப் பேசப்பட்டது. அவை பேசப்படவேண்டியவையே. ஆனால் இன்று நான் வேறொரு வினாவை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். தீயிலிருந்து ஒருவன் உயிரோடு வெளியே கொண்டுவரப்படுகிறான். மருத்துவரிடம் அவன் போய்ச் சேரும் வரை, இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் அவனுக்குப் பொறுப்பு யார்? அவனை முதலில் தொடும் கை பெரும்பாலும் தீயணைப்பு வீரனுடைய கையாகவே இருக்கிறது. அந்தக் கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அதற்கு ஓர் அளவுகோல் உண்டா? இவ்வினாவுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

தீயை அணைப்பவர்களோடு மருத்துவமும் சேர்ந்து செல்லவேண்டும் என்ற எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. கி.பி. 6-ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ், நகரத்தைத் தீயிலிருந்து காப்பதற்கென ஏழு பிரிவுகள் கொண்ட காவற்படை ஒன்றை நிறுவினார். பிற்காலத்துக் கல்வெட்டுகளில் அப்படையினரின் பெயர்ப்பட்டியல்கள் கிடைத்துள்ளன. அவற்றிலே ஒவ்வொரு பிரிவுக்கும் நான்கு மருத்துவர்கள் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அம்மருத்துவர்கள் படைவீரர்களைப் பேணவே அமர்த்தப்பட்டிருக்கலாம். எனினும், தீயோடு போராடுகிறவர்களின் பக்கத்தில் புண்ணை ஆற்றத் தெரிந்தவன் ஒருவன் நிற்கவேண்டும் என்ற அறிவு அன்றே இருந்தது எனலாம்.

ரோமப் பேரரசு வீழ்ந்தபின் அந்த ஏற்பாடும் மறைந்தது. மீண்டும் அவ்வெண்ணம் தளிர்த்த இடம் போர்க்களம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுப் படையின் மருத்துவரான லாரே என்பவர், காயம்பட்டவர்களைப் போர் முடியும்வரை களத்திலேயே விட்டுவைக்காமல் உடனுக்குடன் எடுத்துவருவதற்கு விரைந்தோடும் குதிரை வண்டிகளை அமைத்தார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் எஸ்மார்க், முக்கோணத் துணிக்கட்டை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தி, 1882-இல் கீல் நகரத்தில் பொதுமக்களுக்கான முதலுதவிப் பள்ளியைத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் 1877-இல் புனித ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே ஷெப்பர்ட், டங்கன் என்ற இரண்டு படை அதிகாரிகள் ஊல்விச்சில் சாதாரணக் குடிமக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். ஷெப்பர்ட் ஒரு மருத்துவர். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த போரில் அவர் மாண்டார். ஆனால் அவர் எழுதிய பாடம் மாளவில்லை. மருத்துவம் பயிலாதவனும் சில காரியங்களைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ளலாம். அப்படிக் கற்றவனுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழும் தரலாம் என்பதே அப்பாடத்தின் சாரம். இன்று நாம் தரம் என்று சொல்வதன் விதை இதுதான்.

நம் நாட்டின் கதைக்கு வருவோம். சென்னை நகரில் 1908-ஆம் ஆண்டில் தீயணைப்புப் படை அமைந்தது. தண்ணீரும் ஏணியும் குழாயுமே அக்காலத் தீயணைப்போரின் கருவிகள். தீயை அடக்குவது அவர்கள் தொழில். மனிதனைப் பிழைக்க வைப்பது வேறொருவர் தொழில் என்ற பிரிவினை அப்போது இயல்பாகத் தோன்றியது. 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய போர்ட் ஸ்டிக்கைன் என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தபோது, அதனை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் அறுபத்தாறு பேர் உயிர்நீத்தார்கள். ஆண்டுதோறும் அந்நாளைத் தீயணைப்புப் பணி நாளாக நாம் போற்றுகிறோம். தீயணைப்போனும் காயப்படுபவனே, அவனையும் காப்பாற்ற அருகில் ஒருவன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

விடுதலைக்குப் பின் 1955-இல் மத்திய அரசு தீயணைப்பு நிலை ஆலோசனைக் குழுவை ஏற்படுத்தியது. 1956-இல் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி ராம்பூரில் தொடங்கப்பெற்று, மறு ஆண்டில் நாகபுரிக்கு மாற்றப்பெற்றது. கருநாடகம் மைசூர் மாநிலம் என்ற பெயரோடு இருந்தபோது, 1964-இல் அங்கே தீயணைப்புப் படைச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டின் தீயணைப்புப் பணிச் சட்டம் 1985-இல் வந்தது. காலப்போக்கில் இரு மாநிலங்களிலும் துறையின் பெயரே விரிந்தது. தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கருநாடகத்தில் தீயணைப்பு மற்றும் அவசரப் பணிகள் துறை. கிணற்றில் விழுந்தவனைத் தூக்குவதும், நசுங்கிய வண்டியை அறுத்து உள்ளே சிக்கியவனை எடுப்பதும், இடிந்த கட்டடத்தில் தேடுவதும் அவர்கள் கடமையாயின. மீட்ட பின் என்ன செய்வது என்ற வினா அப்போதுதான் கூர்மையடைந்தது.

அதே காலத்தில் மருத்துவ உலகிலும் ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. மூச்சு நின்றவனுக்கு மூச்சூட்டப் பழைய முறைகள் சில இருந்தன. மல்லாக்கப் படுக்கவைத்துக் கைகளை மேலே தூக்கி இறக்குவது 1858-ஆம் ஆண்டுச் சில்வெஸ்டர் முறை. குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்துவது 1903-ஆம் ஆண்டு ஷேஃபர் முறை. இரண்டையும் இணைத்தாற்போன்றது 1932-ஆம் ஆண்டு டென்மார்க்கின் நீல்சன் முறை. பல ஆண்டுகள் முதலுதவி நூல்களில் இவையே கற்பிக்கப்பட்டன. 1950-களின் பிற்பகுதியில் பீட்டர் சாபர், ஜேம்ஸ் ஈலம் என்ற மயக்க மருத்துவர்கள் இவற்றை ஆராய்ந்து, தலையைப் பின்னோக்கிச் சாய்த்து மூச்சுவழியைத் திறந்து, வாயோடு வாய் வைத்து ஊதுவதே பயன் தருவது என்று மெய்ப்பித்தார்கள். 1960-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இதயத்தின் வேலையைச் சிறிதுநேரம் நடத்தலாம் என்று காட்டினார்கள். கௌவன்ஹோவன் மருத்துவர் அல்லர். மின்பொறியியலார் என்பது கருதத்தக்கது.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் பெருங்கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. பயிற்சி பெற்ற இரண்டு கைகளும், காலத்தில் வந்து சேர்வதுமே வேண்டும். இரத்த ஓட்டம் நின்றால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. ஆதலால் யார் மிகச் சிறந்த மருத்துவர் என்பதைவிட, யார் முதலில் வருகிறார் என்பதே பெரிய கேள்வியாயிற்று. ஊரெங்கும் நிலையங்களை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் விழித்திருந்து, மணி அடித்தவுடன் புறப்படுகிற கூட்டம் ஒன்று முன்பே இருந்தது. அதுதான் தீயணைப்புப் படை!

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இதனை நன்கு உணர்ந்தது. லியனார்ட் காப் என்ற இதய மருத்துவரும், கார்டன் விக்கரி என்ற தீயணைப்புத் தலைவரும் கூடி, 1970-இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அருகிலுள்ள தீயணைப்பு வண்டி முதலில் சென்று அடிப்படை உதவியைத் தொடங்கும். உயர்பயிற்சி பெற்றவர்களின் வண்டி பின்னால் வந்து தொடரும். இந்த இரண்டடுக்கு முறை பிற நகரங்களுக்கும் பரவிற்று. அதற்கு முன்பே, 1966-இல், அந்நாட்டு அறிவியற் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையொன்று அரசாங்கத்தின் கண்ணைத் திறந்திருந்தது. நோயாளர் வண்டியில் செல்வோருக்கு 81 மணி நேரப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. முதலில் வந்து சேரும் தீயணைப்போர், காவலர் முதலியோருக்கென ஏறத்தாழ 40 மணி நேரத்தில் முடியும் சிறு பாடத்திட்டமும் உருவாயிற்று.

2001-இல் அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புக் கழகம் 1710 என்ற எண்ணுடைய தரத்தை வெளியிட்டது. அதன்படி, முதலுதவிப் பயிற்சியும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் தானியங்கிக் கருவியும் உடைய குழு, புறப்பட்ட 240 விநாடிகளுக்குள் நோயாளி இருக்கும் இடத்தை அடையவேண்டும். பத்து அழைப்புகளில் ஒன்பதிலாவது இது நிறைவேற வேண்டும். இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. "விரைவாக வருக, நன்றாகச் செய்க" என்று சொல்வது அறிவுரை. இத்தனை மணி நேரப் பயிற்சி, இந்தக் கருவி, இத்தனை விநாடி, பத்தில் ஒன்பது என்று சொல்வதுதான் தரம். அறிவுரை தவறினால் கேட்பாரில்லை. தரம் தவறினால் கணக்குக் கேட்கலாம்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 1998-இல் இந்தியா, நேபாளம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளுக்கென ஒரு பேரிடர் உதவிப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்வழி முதல்நிலை மருத்துவ உதவியாளர் என்னும் பயிற்சி இங்கே வந்தது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியப் பேரிடர் மீட்புப் படை இப்பயிற்சியைத் தன் வீரர்களுக்கு அளிக்கிறது. நம் அரக்கோணத்திலும் அப்படையின் அணியொன்று இருக்கிறது. 2012-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், தீயணைப்புப் பணிக்கு வேண்டிய ஆட்கள், கருவிகள், பயிற்சி ஆகியவற்றைப் பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இன்னொரு புறம், 2005 ஆகஸ்டில் ஐதராபாத்தில் தொடங்கிய 108 நோயாளர் வண்டிப் பணி, 2008-இல் தமிழ்நாட்டுக்கும் கருநாடகத்துக்கும் வந்தது. எத்தனையோ உயிர்களை அது காத்திருக்கிறது.

ஆயினும் ஓர் இடைவெளி நிலைத்தே நிற்கிறது. தீயணைப்புத் துறை உள்துறையின் கீழ் இயங்குவது. 108 பணி சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையோ தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாகவும் குறிக்கிறது. தீயணைப்புச் சட்டங்கள் பெரும்பாலும் தீயைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் பேசுகின்றன. மீட்கப்பட்டவனின் மூச்சைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனவே, ஒரு வீரனுக்கு முதலுதவி எவ்வளவு தெரியும் என்பது அவன் எங்கே, எப்போது பயின்றான் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஒருமுறை கற்றதை எத்தனை ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பது என்ற கேள்வியும் எழுகிறது. மார்பை அழுத்தும் பயிற்சி, பழகாவிட்டால் சில மாதங்களிலேயே கை மறந்துவிடுவது. அதனால்தான் பல நாடுகளில் இச்சான்றிதழை இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்கிறார்கள்.

பெங்களூரின் அனுபவமே இதன் தேவையை நமக்கு உணர்த்தும். 1981 பிப்ரவரி 7-இல் அங்கே வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்தபோது தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். 2010 பிப்ரவரி 23-இல் கார்ல்டன் கோபுரக் கட்டடத்தில் தீ மூண்டபோது ஒன்பது பேர் இறந்தனர். அங்கே கொன்றது பெரும்பாலும் புகையே. தமிழ்நாட்டில் 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் கட்டட விதிகள் ஆராயப்பட்டன. ஆனால், வெளியே கொண்டுவரப்பட்டவர்களைத் தரையிற் கிடத்திய பின் அடுத்த பத்து நிமிடங்கள் எவ்வாறு கழிந்தன என்பது அவ்வளவாக ஆராயப்படவில்லை.

அந்தப் பத்து நிமிடங்களில் செய்யத்தக்கவை யாவை? அவை கடினமானவை அல்ல. தீக்காயத்தின் மீது ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விடவேண்டும், பனிக்கட்டி கூடாது. மாவு, மை, பற்பசை முதலியவற்றைத் தடவுவது தீங்கு. தீயை அணைத்த அதே நீர்தான் புண்ணுக்கும் முதல் மருந்து! உடலின் பெரும்பகுதி வெந்தவனுக்கு நடுக்கம் காணாமல் தூய துணியால் போர்த்த வேண்டும். வீக்கத்தால் இறுகிவிடும் என்பதால் மோதிரம், காப்பு முதலியவற்றை உடனே கழற்றவேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே புகையுண்டவனுக்குக் கலப்பில்லாத பிராணவாயு தரவேண்டும். மூச்சு உள்ளவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். இரத்தம் பெருகினால் காயத்தை நேரே அழுத்திப் பிடிக்கவேண்டும். மூச்சும் உணர்வும் நின்றவனுக்கு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தவேண்டும். இவ்வளவே அடிப்படை.

தீயணைப்போர் தொகை குறைவு, வேலையோ மிகுதி, இந்தச் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. எரியும் கட்டடத்தை விட்டுவிட்டு நாடி பார்க்கும்படி எவரும் அவர்களைப் பணிக்கவில்லை. அவர்களை மருத்துவராக்கும் எண்ணமும் இல்லை. வண்டியில் செல்லும் குழுவில் இருவராவது இந்த அடிப்படையில் தேர்ந்தவராயிருப்பது, வண்டியில் பிராணவாயுக் குப்பியும் துணிக்கட்டுகளும் மின்னதிர்ச்சிக் கருவியும் இருப்பது, 108 வண்டி வந்தவுடன் நோயாளியை முறையாக ஒப்படைப்பது, இரண்டு ஆண்டுக்கொருமுறை பயிற்சியைப் புதுப்பிப்பது, அழைப்பு வந்த நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் பதிந்து ஆண்டுதோறும் வெளியிடுவது ஆகிய ஐந்தும் எழுத்தில் ஏறினால் போதும். அத்தோடு ஆட்களின் தொகையையும் கூட்டத்தான் வேண்டும். தரம் என்பது வீரனிடம் மட்டும் கேட்கும் கடன் அன்று. அவனுக்கு அரசு செலுத்தவேண்டிய கடனும் ஆகும்.

மிகைப்படுத்திச் சொல்லவும் நான் விரும்பவில்லை. அத்திப்பள்ளியில் கிடங்கினுள்ளே சிக்கி மாண்டவர்களை எந்த முதலுதவியும் மீட்டிராது. அங்கே காத்திருக்கக்கூடியது வருமுன் காக்கும் விதி ஒன்றே. ஆனால் தீயிலிருந்து வெளியே வந்தும் பிழைக்க முடியாமற் போகிறவர்கள் எல்லாப் பெருந்தீயிலும் இருக்கிறார்கள். முதற் சில நிமிடங்களின் கணக்கு அவர்களுக்கே உரியது.

இன்று ஆனேக்கல் வட்டம் பழைய சிற்றூர்களின் வட்டம் அன்று. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் பெருகிவிட்டன. எல்லைக்கு இப்பால் ஓசூரும் அவ்வாறே வளர்ந்துவிட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பிள்ளைகள் நாள்தோறும் அந்தச் சாலையில் வேலைக்குப் போய் வருகிறார்கள். தீக்கு மாநில எல்லை தெரியாது. ஓசூரில் ஒரு தரம், ஆனேக்கல்லில் ஒரு தரம் என்று இருப்பதிலும் பொருளில்லை. இரு மாநிலங்களின் தீயணைப்போரும் ஒரே பாடத்தைக் கற்று, ஆண்டுக்கொருமுறை எல்லையில் கூடிப் பயிற்சி செய்வார்களானால், அது அத்திப்பள்ளியில் மாண்ட இளைஞர்களுக்கு நாம் எழுப்பும் நல்ல நினைவுச் சின்னமாகும்.

அதுவரை நேயர்களாகிய நாமும் சும்மா இருக்கவேண்டுவதில்லை. நெஞ்சை அழுத்தும் முறையைக் கற்க ஒரு பிற்பகல் போதும். 2016-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தமும், சாலை விபத்தில் உதவுகிறவர்களைத் தொல்லையிலிருந்து காக்கின்றன. தயங்கி நிற்பதற்கு இருந்த பழைய காரணம் ஒன்று அகன்றுவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை, முதலில் வந்தவர் என்பவர் நீங்களாகவே இருக்கக்கூடும்.